வாசல்படி தாண்டாத பெட்டி

எனக்குக் காது குத்தவில்லை. வயது ஐம்பத்து நாலு. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், சிதம்பரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தொண்டையைக் கெடுத்துக்கொண்ட டீச்சர். காதில் மட்டும் ஓட்டை கிடையாது. அழுத்தி மாட்டுகிற பிரஸ் தோடுதான் போடுவேன். மதியத்துக்கு மேல் மடல் விண்விண்ணென்று வலிக்கும். கழற்றி பர்ஸில் போட்டுக்கொள்வேன். காலையில் இருந்த தோடு கடைசி பீரியடில் இல்லையென்றால் பிள்ளைகள் விடுமா? "டீச்சர், தோடு எங்க டீச்சர்?" பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் காதைப் பார்த்துவிட்டு, "நீங்க பெந்தெகொஸ்தேவாம்மா?" என்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒருமுறை ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். புவனகிரி வரும்வரை அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காக ஜெபம் செய்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன், வேறு என்ன செய்வது.

காரணம் என் தாய்மாமா. அம்மாவுக்கு ஒரே அண்ணன், விமானப்படையில் பைலட். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் மேற்கு எல்லைக்குப் பறந்துபோன அவருடைய விமானம் திரும்பவில்லை. அப்போது நான் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

எங்கள் பக்கம் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். குழந்தையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதன் தலையைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. ஆசாரி ஊசியை எடுத்ததும் சுற்றி நிற்கிற பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "கெட்டியா புடிச்சுக்குங்க, ஆட்டிடப் போவுது" என்பார்கள். கம்மலும் மாமன் வாங்கி வருவதுதான். மாமன் இல்லாத வீட்டில் அம்மாவின் பங்காளி வழியில் யாராவது ஒரு மாமா உட்காருவார். ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் செத்தத யாரு பாத்தா?" என்று கேட்டாளாம். பார்த்தவர்கள் யாரும் இல்லை. உடல் வரவில்லை. தந்தி வந்தது, அப்புறம் ஒரு பெட்டி வந்தது.

அந்தப் பெட்டியின் கதையை அம்மா என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, கடலூர் கோர்ட்டில் ஹெட் கிளார்க். வீடு ஓ.டி. என்கிற பழைய டவுனில், ஸ்டேஷனுக்குப் பக்கம். மாமாவின் சாமான்கள் வைத்த பெட்டி ரயில் பார்சலில் வந்திருப்பதாகத் தகவல் வந்ததும் தாத்தா தனியாகப் போனார். வெளியூரில் இறந்தவர்களின் உடலை எங்களில் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள், வாசலோடு சரி. தாத்தாவுக்கு அந்தப் பெட்டிதான் உடல். பூட்டைக்கூடத் திறக்காமல், ஸ்டேஷனிலிருந்து நேராகத் துறைமுகத்துக்கு வண்டி பிடித்து, ஒரு படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் இறக்கிவிட்டார். கையில் குழந்தையோடு அம்மா வாசலில் காத்திருந்தபோது ஈர வேட்டியோடு வந்து நின்று, "பொட்டி வந்துச்சு. அனுப்பி வச்சுட்டேன்" என்றார். அம்மா அவரோடு பேச மூன்று மாதம் ஆனது.

என் காது அப்படியே நின்றுவிட்டது. பதினாறு வயதில் நான் சண்டை போட்டேன். என்னோடு படித்த பெண்கள் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு போக நான் மட்டும் மொட்டைக் காதோடு போனால் எரியாதா? "நானே போயி குத்திக்கிறேன், போ" என்று கத்தினேன். அம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. எனக்கும் வீம்பு வந்துவிட்டது. நீயாகச் சொல்கிறவரைக்கும் குத்திக்கொள்ளப் போவதில்லை என்று நினைத்தேன். கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் பிரஸ் தோடு கழன்று அரிசித் தட்டில் விழுந்தது. மாமியார் அதை எடுத்து, துடைத்து, என் காதில் மாட்டிவிட்டுச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன்.

போன வருடம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். எழுபத்தாறு வயது. கட்டுப் போட்ட கண்ணோடு கடலூர் வீட்டில் படுத்திருந்தாள். நான் சொட்டு மருந்து விடுவதற்காக லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். நான்காம் நாள் மத்தியானம், தூங்குகிறாள் என்று நினைத்திருந்தபோது கேட்டாள்.

"ஏண்டி, அந்த லெட்டர் போயி சேந்திருக்குமா?"

"எந்த லெட்டரு?"

"நீ பொறந்தத எழுதி அண்ணனுக்குப் போட்டேனே. பதிலும் வரல, லெட்டரும் திரும்பி வரல. தான் மாமா ஆனது அவனுக்குத் தெரியுமா, தெரியாமயே போயிட்டானா? அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

ஐம்பத்து மூன்று வருடமாக இதையா மனசில் வைத்திருந்தாள்! அவர் வருவார் என்று காத்திருக்கிறாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மடியை நானும் எத்தனை தரம் நினைத்து ஏங்கியிருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஒரு போட்டோவைத் தவிர நான் பார்த்திராத மனுஷர். தொப்பி போட்டு, கொஞ்சம் கோணலாகச் சிரித்துக்கொண்டிருப்பார்.

கடலூரில் முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையானவர். "எந்த ஆபீசுக்கு எழுதணும்னு நான் சொல்றேன் மேடம். ஆனா சர்வீஸ் நம்பர் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்றார். நம்பருக்கு நான் எங்கே போவேன்? காகிதம் எல்லாம் தாத்தாவோடு போயிற்று. வீட்டுக்கு வந்து எரிச்சலோடு அம்மாவிடம் சொன்னேன். கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், தலையைக்கூடத் தூக்காமல் மாமாவின் பதவி, நம்பர், படைப்பிரிவு, தபால் முகவரி எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள்.

"எத்தன லெட்டர்ல எழுதியிருக்கேன். மறக்குமா?"

அப்புறம் மனு, நினைவூட்டுக் கடிதம், உறவுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், மறுபடி மனு. அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது என் கைப்பையைத்தான் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். "சரி, சாப்புடு" என்பாள்.

தை மாதக் கடைசியில் சிதம்பரம் வீட்டுக்கு உறை வந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்று கிழித்தேன். ஒரு கடிதம், மாமாவின் பணிக் குறிப்பு, கடைசியாக ஒரு நகல். பெட்டியில் வைத்து அனுப்பிய சாமான்களின் பட்டியல், ஆங்கிலத்தில் டைப் அடித்தது. எழுத்துகள் பாதி மங்கியிருந்தன. சட்டை, பூட்ஸ், ஷேவிங் செட், டிரான்சிஸ்டர் ஒன்று, காலி பிஸ்கட் டின் ஒன்று, தமிழில் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு. அதற்குக் கீழே: குழந்தைக் கம்மல், தங்கம், சிவப்புக் கல் வைத்தது, ஒரு ஜோடி.

வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. என் கம்மல். என் மாமா எனக்கு வாங்கிய கம்மல். அதைப் பூட்டோடு கடலில் இறக்கிவிட்டு வந்து வேட்டி பிழிந்திருக்கிறார் இந்தத் தாத்தா! கோபம் வந்த வேகத்தில் கேட்டை உதைத்தேன், கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. பட்டியலின் அடியில் பெற்றுக்கொண்டதற்குத் தாத்தாவின் கையெழுத்தும் இருந்தது. படித்துவிட்டுப் போட்டாரா, படிக்காமல் போட்டாரா?

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அந்த வாரம் முழுக்கத் தவித்தேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ஆனால் பதிலோடு சேர்த்து, கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த கம்மலை அவள் அப்பாவே கடலில் போட்டார் என்பதும் அல்லவா இருக்கிறது? மனசுக்குள்ளேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கடிதக் கட்டு இருந்தது என்று மட்டும் சொல்லலாம், கம்மலை விட்டுவிடலாம்.

அம்மா என் கைப்பையைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "வந்துடுச்சா?" என்றாள்.

படித்தேன். சட்டை, பூட்ஸ். காலி பிஸ்கட் டின் என்றதும், "நம்ம காடாம்புலியூர் முந்திரிய வறுத்து நான் அனுப்புன டின்னு. தின்னு தீத்துட்டான் பாரு" என்று சிரித்தாள். கடிதங்கள் ஒரு கட்டு என்று படித்துவிட்டு நிறுத்தினேன்.

"அவ்ளோதானா?"

"ம்."

"கட்டுல அந்த லெட்டரு இருந்துச்சான்னு எப்படித் தெரியும்? அதுக்கு முன்னாடி போட்டதாவும் இருக்கலாமே." காகிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. முகம் அப்படியே வாடிப்போனது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்னால் பொய்யைக் காப்பாற்ற முடியவில்லை.

"கம்மல் ஒண்ணும் இருந்திருக்குதும்மா. கொழந்த கம்மலு."

அம்மா காகிதத்திலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் மெதுவாக, "என்னா கல்லுன்னு போட்டிருக்குதா?" என்றாள்.

"செவப்பு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் சந்து வழியாக வந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "நாந்தாண்டி எழுதுனேன். பொண்ணு பொறந்திருக்கா, செவப்பா இருக்கா, செவப்புக் கல்லு வச்ச கம்மலா வாங்கியான்னு நாந்தாண்டி எழுதுனேன். போயி சேந்துடுச்சு. படிச்சுட்டான். கடைக்குப் போயிருக்கான்!"

வெகுநேரம் அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பார்க்காத ஒருவருக்காக இப்படி அழ முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஏதோ ஒரு வடநாட்டுக் கடைத்தெருவில் யூனிஃபார்மோடு நின்று, குழந்தைக் காது எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கடைக்காரரிடம் விரலால் காட்டியிருப்பாரோ? அவ்வளவு சின்னதாக நான் இருந்ததே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தாத்தாவின் கையெழுத்தை அவளிடம் காட்டினேன். "உங்கப்பா இதப் படிச்சிருப்பாராம்மா?"

அம்மா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். "கோர்ட்டுல அத்தன வருஷம் படிக்காம ஒரு கையெழுத்து போட்டதில்ல அவரு. அன்னிக்கி ஒரு நாளு போட்டிருப்பாரு, பாவம். வுடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் காது மடலை, ஏதோ புடவைத் துணி வாங்குகிற மாதிரி, இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். "மாசி மகத்துக்கு லீவு போடு" என்றாள்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் வந்து இறங்கும். கூட்டம் தாங்காது. அம்மா ஓ.டி.யிலிருந்து ஒரு ஆசாரியைப் பேசி ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்திருந்தாள். கூட்டத்தைத் தாண்டி, அலை வந்து வந்து போகிற ஈர மணலைக் காட்டி, "இங்க உக்காரு. கடலுக்கு முதுகு காட்டி உக்காரு" என்றாள். புடவை நனையும் என்றேன். "நனையட்டும்" என்றாள். மடியில் உட்காரும் குழந்தை மாமனுக்கு முதுகு காட்டித்தானே உட்காரும்? அது எனக்கு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

ஆசாரி என் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மடல் தடிச்சுப்போச்சும்மா, வலி ஜாஸ்தியா இருக்கும்" என்றார். சுற்றிலும் பத்துப் பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள். என் மாணவிகள் யாராவது கண்ணில் பட்டால் மானம் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். அம்மா முந்தானையை அவிழ்த்தாள். உள்ளே சிவப்புக் கல் வைத்த குழந்தைக் கம்மல், புதுசு, ஒரு ஜோடி.

ஊசி இறங்கியபோது எனக்கு எந்த மானமும் நினைவில்லை. வீலென்று கத்திவிட்டேன். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. அந்த நேரம் பார்த்து ஒரு அலை பின்னாலிருந்து வந்து இடுப்புவரை என்னை நனைத்தது. ஆசாரி இன்னொரு காதுக்கு ஊசியைத் துடைத்தார்.

அம்மா எனக்கு எதிரே குந்தியிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, பின்னால் இருந்த தண்ணீரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"கெட்டியா புடிச்சுக்கண்ணே. ஆட்டிடப் போறா."