மூக்குக்கு முன்னால் நின்ற கை

ராஜபாளையத்தில் நைட்டி தைக்கும் சமுத்திரம் குங்ஃபூ படிக்கப் போனது ஒரே ஒரு ஆளை அடிப்பதற்காகத்தான். அந்த ஆள் பக்கத்துக் கடை ஜெபின். தண்ணி கேன் ஏற்றிய லோடு ஆட்டோவைத் தினமும் சமுத்திரத்தின் கடை வாசலை மறித்தே நிறுத்துவான். கேட்டால், "ரோடு என்ன உங்க பேர்லயா இருக்கு அண்ணாச்சி?" என்பான். ஒருநாள் பேச்சு முற்றி அவன் நெட்டித் தள்ளியதில், சமுத்திரம் தன் கடை நைட்டிக் குவியல்மேலேயே மல்லாக்க விழுந்தார். தெருவே சிரித்தது. அன்று சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அங்கே மடவார் வளாகத்தில் ஒரு மொட்டைமாடியில் பியூலா குங்ஃபூ வகுப்பு நடத்தினாள். அவருக்கு மகள் வயசுதான்.

"எதுக்குப் படிக்க வந்திருக்கீக?"

"ஒருத்தனை அடிக்கணும்" என்றார் ஒளிக்காமல்.

"அடிக்கலாம். மொதல்ல நிக்கப் படிங்க."

குதிரைமேல் உட்கார்ந்தாற்போல் முழங்காலை மடக்கி நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டாள். தையல் மிஷினிலேயே காலம் கழித்த கால்கள் வெடவெடவென்று ஆடின. வாரக்கணக்கில் இதே கதைதான். குத்து என்ற பேச்சே இல்லை.

இதற்குள் சேதி ஜெபின் காதுக்கு எட்டிவிட்டது. பயந்துபோய் அவனும் அதே வகுப்பில் வந்து சேர்ந்தான். படியேறி வந்தவனைக் கண்டதும் சமுத்திரம் நின்ற நிலை குலைந்து பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். விவரத்தைக் கேட்டறிந்த பியூலா, ரெண்டு பேரையுமே ஜோடி சேர்த்தாள்.

"முழு வேகத்துல குத்துங்க. ஆனா மூக்குக்கு ஒரு விரக்கடை முன்னால கை நின்னுரணும். அடிக்க எல்லாருக்கும் வரும் அண்ணாச்சி. நிறுத்தத்தான் படிக்கணும்."

கையை நிறுத்த வேண்டுமானால் எதிராளியின் முகத்தை நன்றாகப் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்தபோதுதான், ஜெபினின் கண்ணுக்குக் கீழே கருத்திருப்பதும், கேன் தூக்கித் தூக்கி ஒரு தோள் சரிந்திருப்பதும் தெரிந்தது.

"தோள்பட்டை வலிக்குதாலே?" என்று ஒருநாள் தன்னையறியாமல் கேட்டுவிட்டார். ஜெபின் அடுத்த குத்தைத் தடுக்கவே மறந்துபோனான்.

பொறவு ஒரு மத்தியானம், துணி மூட்டை வந்து இறங்குகிற நேரம் பார்த்து ஆட்டோ வாசலை அடைத்து நின்றது. சமுத்திரத்துக்குக் கோபத்தில் உச்சி சுட்டது. "ஏலே!" என்று பாய்ந்து கையை வீசினார். வேகமாகப் போன கை, ஜெபினின் மூக்குக்கு முன்னால் அப்படியே நின்றது. அவன் கையும் அதே நொடியில் தடுக்க எழும்பியிருந்தது. கூடியிருந்தவர்கள் ஏதோ வித்தை காட்டுகிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். எதிர்க்கடை ஹஸீனா, "இன்னொருக்கா செய்ங்க, போன்ல பிடிச்சுக்கிடுதேன்!" என்றாள்.

முதலில் சிரித்தது ஜெபின்தான். "நின்னுருச்சே அண்ணாச்சி!"

"நின்னுருச்சுல்ல!" சமுத்திரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரையும் தொடாத அந்தக் கைமேல் அவருக்கு அம்புட்டுப் பெருமை.

வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டு, மூட்டை இறக்க ஜெபினே தோள் கொடுத்தான். வலிக்காத தோளைக் கொடுக்கும்படி சமுத்திரம் அதட்டினார்.

இப்போதும் அவன் அவ்வப்போது வாசலை மறிக்கத்தான் செய்கிறான். அவரும் கத்தத்தான் செய்கிறார். சாயங்காலமானால் ரெண்டு பேரும் ஒரே பைக்கில் வகுப்புக்குப் போகிறார்கள். "மெதுவாப் போலே, எதுக்க லாரி வருது" என்று பின்னால் இருந்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவார் சமுத்திரம்.