பெருநாளுக்கு வராத மெஷின்

எண்பதுகளின் நடுவில் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்களுக்கு ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் என் தோஸ்துக்கும். அவர் தோல் தரகர். நான் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலையை விட்டு வந்தவன். கடை ஓடாவிட்டால் திரும்பக் குழிக்குத்தான் போக வேண்டும்.

இருந்தது ஒரே மெஷின். காசு போட்டால் விண்கலம் வரும், சுட வேண்டும். முதலில் நன்றாக ஓடியது. பிறகு பையன்களுக்குக் கை பழகிவிட்டது. ஒரே காசில் வெகுநேரம் நின்று ஆடினார்கள். ரம்ஜான் பெருநாளுக்குப் புது மெஷின் இறக்குவது என்று முடிவு செய்தோம். அன்றைக்குப் பிள்ளைகள் கையில் பெரியவர்கள் கொடுத்த காசு இருக்கும். அதைவிட நல்ல நாள் இல்லை.

மெட்ராஸில் மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்த தோஸ்த், அதன் கைப்பிடி ஒன்றை முன்னாலேயே வாங்கி வந்தார். கடை வாசலில் ஆணியடித்து மாட்டினார். மெஷின் வந்ததும் சொல்லிக்கொள்ளலாமே என்றேன்.

"சாம்பிள் காட்டாம எவன்பா சரக்கு வாங்குவான்?"

தோலுக்கு அது சரி. ஒரு துண்டைக் காட்டினால் போதும், பார்ட்டி ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பான். நானும் ஒத்துக்கொண்டேன்.

நோன்பு மாதம் முழுக்கக் கூட்டம் வந்தது. கைப்பிடியை ஆட்டிப் பார்த்தது. போய்விட்டது. பழைய மெஷின் தனியாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தினமும் வருகிற ஒரு பையனை நிறுத்திக் கேட்டேன்.

"புச்சு வரட்டும்ணா. இத ஆடி இன்னா பிரயோஜனம்?"

பெருநாள் வந்தது. மெஷின் வரவில்லை. தோஸ்த் தொழுகை முடிந்து புதுச் சட்டையோடு லாரி ஆபீஸில் போய் உட்கார்ந்திருந்தார். பையன்கள் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு சினிமாவுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் அவர்கள் வருவது கம்மியாகிவிட்டது. எங்களால் வாடகை கொடுக்க முடியவில்லை. கடையின் சொந்தக்காரர் அதைச் செருப்புக் கடைக்கு விட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் மெஷின் வந்தது. இறக்கி வைக்க இடமில்லை. தோஸ்த் பெட்டியைப் பிரிக்காமலே வாணியம்பாடிக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டார். லாரி போகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வாய மூடினு இருந்திருக்கலாம்பா" என்றார்.

நான் திங்கட்கிழமை குழியில் இறங்கினேன்.

வாணியம்பாடியில் அது நன்றாக ஓடுகிறது என்று சொன்னார்கள். ஒருநாள் போய் ஆடிப் பார்க்கலாம் என்று இருந்தேன். போகவில்லை. அதில் என்ன ஆட்டம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.