அம்மா கை காட்டிய ஜன்னல்

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது என் மகளுக்காக ஓர் அனுபவத்தைத் தயாரித்து வைத்திருந்தேன். அவள் தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள். தமிழ் வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைக் காட்டுவார்கள். பிறகு ஆசிரியர், "இதுபோல் உனக்கு ஏதாவது அனுபவம் உண்டா?" என்று கேட்பார். உண்டு என்று சொல்லி நாலைந்து வாக்கியமாவது பேச வேண்டும். எந்தக் காணொளி வந்தாலும் பொருந்துகிற அனுபவம் ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும்? அதனால் பெற்றோர்களே தயாரித்துக் கொடுத்துவிடுகிறோம்.

நான் தயாரித்தது நடந்த கதைதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அன்றாடம் நடப்பதைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. மழை பெய்ததா, எந்த எண் பேருந்தில் போனோம் என்பது வரை இருக்கும். போன தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை நாங்கள் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் ஒருவருடைய பை கிழிந்து ஆரஞ்சுப் பழங்கள் சாலையில் உருண்டன. என் மகள் ஓடிப் பொறுக்கிக் கொடுத்தாள். பண்டிகை, பண்பாடு, உதவும் மனம் மூன்றும் ஒரே நாளில் அமைந்துவிட்டன. "மகிழ்ச்சி வெள்ளத்தில் மிதந்தேன்" என்று ஒரு வரியையும் முடிவில் சேர்த்துக் கொடுத்தேன்.

அவள் ஒப்பித்தாள். அடுத்த நிலையம் எது என்று ரயிலில் அறிவிப்பார்களே, அந்தக் குரலில்.

"கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லும்மா."

"மகிழ்ச்சி வெள்ளத்தில் மிதந்தேன்," என்று எல்லாப் பல்லையும் காட்டினாள்.

"அந்த நாள் உனக்கு ஞாபகமே இல்லையா?"

"இருக்கு பா. ஒரு ஆரஞ்சு லாரிக்கு அடியில போய் நசுங்கிருச்சு. அதுதான் சூப்பர். நீங்க எழுதுனதுல அது இல்ல."

நசுங்கிய பழத்துக்குத் தேர்வில் என்ன வேலை என்று நினைத்தேன். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இங்கிலீஷ்ல நான் ஃபன்னி பா. என் ஃப்ரெண்ட்ஸ கேளுங்க. தமிழ்ல பேசுனா நான் யாரோ மாதிரி இருக்கேன். எப்பவும் குப்பையைப் பொறுக்கித் தொட்டியில போடுற நல்ல பொண்ணு. அந்தப் பொண்ண எனக்குப் பிடிக்கல."

மதிப்பெண்ணைப் பற்றி இருந்த கவலை போய், அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தத் தேர்வு முடிந்ததும் அந்த நல்ல பெண்ணோடு சேர்த்துத் தமிழையும் இவள் கழற்றி வைத்துவிடுவாளோ?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான், என் மனைவி, மகள் மூவரும் தேக்கா சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி எல்ஆர்டிக்கு மாறினோம். ஓட்டுநர் இல்லாத சின்ன ரயில் அது. அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போய், ஒரு சுற்று முடிந்ததும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். வீடுகளுக்கு மிக அருகில் வரும்போது ஜன்னல் கண்ணாடி தானாகப் பால்போல் வெளுத்து, வெளியே எதுவும் தெரியாமல் போய்விடும். பயணிகள் யார் வீட்டுக்குள்ளும் பார்க்காமல் இருப்பதற்கு அப்படி ஓர் ஏற்பாடு. எங்கள் புளோக்கை ஒட்டிப் போகும்போதும் வெளுக்கும்.

சரியாக அதற்கு ஒரு நொடி முன்னால் என் மகள் விரலைச் சொடுக்கினாள். கண்ணாடி வெளுத்தது.

"நீங்க இப்படிச் செய்வீங்க பா, ஞாபகம் இருக்கா? நீங்கதான் மேஜிக் பண்றீங்கன்னு நான் நினைச்சேன். அன்னைக்கு மழை. சுத்திச் சுத்தி வந்தோம்."

"மழை இல்லம்மா. உனக்கு நாலு வயசு முடிஞ்ச வாரம், செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில்."

"ஓகே, வெயில். அம்மா ஜன்னல்ல நின்னு டாட்டா காட்டுனாங்க."

"அம்மா தூங்கிட்டு இருந்தாங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தாங்க. நீ சத்தம் போடக் கூடாதுன்னுதான் உன்னை வெளிய கூட்டிட்டு வந்தேன். அதோட, நம்ம புளோக் வந்ததும் கண்ணாடி வெள்ளையாயிடுது. அம்மா நின்னிருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"சரி பா. நீங்களே சொல்லுங்க," என்று அவள் தன் காலணியைப் பார்க்கத் தொடங்கினாள்.

அப்போது, மடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி சொன்னாள்: "நான் தூங்கலைங்க."

அவள் மருத்துவமனையில் தாதி. அந்த நாட்களில் தூக்கத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தவள்.

"நாலு வயசுப் புள்ளையோட போறீங்க. தண்ணி பாட்டிலக்கூட எடுத்துக்கல. எனக்கு எப்படித் தூக்கம் வரும்? சமையலறை ஜன்னல்ல நின்னேன். எந்த ரயில்ல இருக்கீங்கன்னு தெரியாதுல்ல. அதனால வந்த ரயிலுக்கெல்லாம் கை காட்டுனேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா ஏன் தூங்கலன்னு திட்டுவீங்க லா. இவகிட்ட சொன்னேன். சாயங்காலம், 'அம்மா டாட்டா காட்டுனேனே, பார்த்தியாடா?'ன்னு கேட்டேன். பார்த்தேன்னு தலையை ஆட்டுனா." பிறகு நியாயமாக, "ஆனா மழை பெய்யல. அது அப்பா சொல்றது சரிதான்," என்றாள்.

அன்றைய குறிப்பில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். 'மனைவி நன்றாக ஓய்வெடுத்தாள்' என்றுதான். என் மகள் பார்த்தது வெறும் வெள்ளைக் கண்ணாடி. அதன்மேல் தன் அம்மா சொன்னதைக் கொண்டு ஒரு ஜன்னலையும் ஒரு கையையும் வரைந்து, இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவள் அம்மா அதைச் சொன்னது தமிழில். அந்த வயதில் அவளுக்கு இருந்த மொழியும் அது ஒன்றுதான்.

"இதுக்குத் தமிழ்ல என்ன பா?" என்று விரலைச் சொடுக்கிக் காட்டினாள்.

"சொடக்கு. சொடக்குப் போடறது."

"சொடக்கு," என்று சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறை விரலைச் சொடுக்கிக்கொண்டே சொன்னாள். மகிழ்ச்சி வெள்ளத்தை நான் பல நாட்கள் சொல்லிக்கொடுத்தும் அது அவள் வாயில் ஒட்டவில்லை. இந்தச் சொல்லை அவள் அங்கேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு முதலிலிருந்து சொன்னாள். "அப்பா சொடக்குப் போடுவாங்க, கண்ணாடி வெள்ளையாயிடும். நான் அப்பாவ ரொம்பப் பெரிய ஆளுன்னு நம்பிட்டேன்." எதிரே இருந்த ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்த்தார். கதைக்குள் மழை மறுபடியும் வந்தது. நான் வாயைத் திறந்தேன். என் மனைவி காய்கறிப் பையைத் தூக்கி என் காலின்மேல் வைத்தாள். மழை பெய்துகொண்டே இருந்தது.

தேர்வன்று அவளை அழைத்துவரப் பள்ளி வாசலில் நின்றேன். காணொளி, பேருந்தில் ஒருவர் இன்னொருவருக்கு இடம் விட்டுக்கொடுப்பதைப் பற்றியதாம். ஆரஞ்சுப் பழத்தை அதில் அழகாக நுழைத்திருக்கலாம். அவள் ரயிலைச் சொல்லியிருக்கிறாள்.

"டீச்சருக்கும் புக்கிட் பாஞ்சாங் தெரியும் போல பா. 'கண்ணாடிதான் வெள்ளையாயிடுமே, அம்மா கை காட்டுனதை நீ எப்படிப் பார்த்த?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"'நான் பார்க்கல டீச்சர். ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு'ன்னேன்."

"அப்புறம்?"

"சிரிச்சாங்க." புத்தகப் பையை என் தோளில் மாட்டிவிட்டு, எதையோ வென்றவளைப் போல முன்னால் நடந்தாள். "தமிழ்ல ஒருத்தங்கள சிரிக்க வச்சேன் பா."