ஸ்விட்சில் வைத்த பொட்டு

இயந்திரங்களைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும், இருபத்துநான்கு துளைகள் கொண்ட அந்த நெட்வொர்க் ஸ்விட்சில் ஆயுத பூஜையன்று நான் வைத்த குங்குமப் பொட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மின்பராமரிப்பு வேலை எனக்கு. தூசி துடைக்க எல்லாக் கேபிள்களையும் கழற்றினேன். துடைத்து, பொட்டிட்டு, திரும்பச் செருகி, இரண்டு முறை எண்ணினேன். இருபத்துநான்கு. எது எந்தத் துளையில் இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளவில்லை.

விடுமுறை முடிந்த காலையில் எல்லா இயந்திரங்களும் ஓடின. பிரஸ் மெஷின் மட்டும் ஓடவில்லை. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்ட மேடத்துக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒப்பந்த வேலை, சுங்குவார்சத்திரத்தில் வாடகை அறை. "பத்து மணிக்குள்ள லைன் ஓடலன்னா இந்த மாசத்தோட நீ கெளம்பிடலாம்மா" என்று அவரிடம் சொன்னார் மேனேஜர். அப்போது மணி எட்டேமுக்கால்.

எந்த இயந்திரம் எந்தத் துளையில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் தானே கற்றுக்கொள்ளும். ஐந்து நிமிடம் அதிலிருந்து ஒரு தகவலும் வராவிட்டால் மறந்துவிடும். பிரஸ் மெஷினின் நெட்வொர்க் முகவரியை மட்டும் மேடம் ஏழாம் துளைக்கென்று கையால் எழுதி நிலையாக்கியிருந்தார். "தானா படிச்சது தானா மறந்துரும் அண்ணாச்சி. நாம எழுதுனது நாம அழிச்சாத்தான் போவும்" என்று முன்பே சொல்லியிருக்கிறார். எழுத்து ஏழில் இருக்க, கேபிளை நான் பதினொன்றில் செருகியிருந்தேன். அதற்குப் போக வேண்டிய பதிலெல்லாம் ஏழாம் துளைக்கே போய் வீணாகிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, கேபிளு எதையும் கழட்டுனியளா?" என்று கேட்டார் மேடம்.

ஓய்வுக்கு எழுநூற்றுப் பன்னிரண்டு நாள் பாக்கி. "இருபத்துநாலும் சரியா இருக்கும்மா" என்றேன்.

"எண்ணிக்கையில உங்கள அடிச்சுக்க ஆளு உண்டா?" என்று சிரித்தபடி திரையில் ஸ்விட்சின் பட்டியலைத் திறந்தார். சிரிப்பு நின்றது. பொட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. கேபிளை ஏழுக்கு மாற்றினார். ஒன்பது ஐம்பதுக்கு லைன் ஓடியது.

"யாரு பண்ண வேலை இது?" என்றார் மேனேஜர்.

"நாந்தான் சார், சரியா பாக்கல" என்றார் மேடம்.

இரண்டடி தள்ளித்தான் நின்றேன். மனத்துக்குள் முந்நூறுவரை எண்ணினேன், மேனேஜர் போய்விட்டார். லைன் ஓடியும், மாதக் கடைசியில் மேடத்தை அனுப்பிவிட்டார்கள். எழுநூற்றுப் பன்னிரண்டு நாளையும் நான் முழுதாக முடித்தேன்.

இப்போது படப்பையில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஆயுத பூஜையன்று மருமகள் குங்குமத் தட்டை நீட்டி, "அந்த நெட் பெட்டிக்கும் வச்சிடுங்க மாமா" என்கிறாள். அதில் நான்கே துளைகள். எண்ணிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வருடமும் தட்டை அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.