சாமையில் நடந்தவள்

திருப்பத்தூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு மலையேறும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பதினொரு வயது மகள் ஜன்னலோரம் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "குண்டு" என்று பிள்ளைகள் கிண்டல் செய்ததிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டால் வீடுதான்; வெளியே தலைகாட்டுவதில்லை.

"வைட்டமின் டி ரொம்ப கம்மிம்மா. இந்த வயசுக்கு பிரஷரும் அதிகம். மாத்திரை வைட்டமினுக்குத்தான். இதயம் நல்லா இருக்கணும்னா புள்ள ஓடியாடணும்" என்றிருந்தார் டாக்டர். இவளை எப்படி ஓடவைப்பது? யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

பாதி மலையில் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கினோம். சாலையோரம் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, சாமை காயவைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்து, "கண்ணு, செருப்ப கழட்டிட்டு இத்த கொஞ்சம் காலால தொழாவி வுடேன். புள்ளைய வெச்சிக்கினு முடியல" என்றாள்.

"அவளுக்கு உடம்பு சரியில்லைங்க, வெயில்ல வேணாம்" என்றேன், வழக்கம்போல் முந்திக்கொண்டு. அதற்குள் மகள் செருப்பைக் கழற்றியிருந்தாள்.

சாமைக்குள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். பின்னால் ஆழமாகக் கோடு விழுந்தது.

"பாத்தியா, அடி வரைக்கும் பொரளுது! நான் நடந்தா மேலாக்கதான் கீறுது" என்றாள் அந்தப் பெண். மகள் துப்பட்டாவை என் கையில் திணித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

டயர் மாற்றிவிட்டு டிரைவர் ஹாரன் அடித்தார். "இன்னும் ரெண்டு கோடும்மா" என்றாள், மூச்சு வாங்கியபடி.

அசந்துபோய் நின்றேன். அவள் உடம்பைப் பற்றிக் கண்டவர்களிடமெல்லாம் புலம்பியிருக்கிறேன், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அவளிடம் ஒரு வேலை சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை.