கடைசி ஜாடி மூடும்வரை

லவோன் ஹாஸ்கெட்டுக்குப் பத்துப் பிள்ளைகள். பத்தில் ஒன்றைக்கூடப் பள்ளிக்கூட வாசல் மிதிக்கவிடாமல், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்காரவைத்துப் படிக்கவைத்தவள் அவள். மூத்தவை இரண்டும் கல்யாணம் முடித்துப் போய்விட்டன. மீதி எட்டும் வீட்டில். ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரு பிள்ளை பென்சிலால் எழுதும், அடுத்த பிள்ளை அழித்துவிட்டு எழுதும். ஆறாவது பிள்ளை கைக்கு வரும்போது தாள் வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருக்கும்.

லவோன் பிறந்த வீடு டாக்கெட் குடும்பம். அவள் அப்பா வர்ஜில் பால்வண்டி ஓட்டினவர். வர்ஜிலின் அம்மா, வேலி தாண்டி வந்த கிடாவைக் கொம்பைப் பிடித்துத் திருப்பி அனுப்பினவள். அந்தக் கிழவியின் கை அப்படியே லவோனுக்கு வந்திருந்தது. லவோனின் மூன்றாவது மகள் திர்சாள் மட்டும் அப்பா வீட்டு வழி. லவோனின் கணவர் டெல்மருக்கு ஒரு பெரிய அத்தை இருந்தாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தால் அதில் இருக்கும் பிழைகளைத் திருத்தி, அனுப்பினவருக்கே திருப்பி அனுப்புவாள். திர்சாளுக்குப் பதினைந்து வயதுதான், ஆனால் அந்த அத்தையே திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி இருப்பாள்.

அந்த வீட்டுப் பள்ளிக்குத் திறக்கும் தேதி என்று ஒன்று கிடையாது. மூத்தவன் சின்னவனாக இருந்தபோது ஒவ்வொரு வருஷமும் தேதிக்கு மல்லுக்கு நின்றான். சலித்துப்போன லவோன் ஒரு சட்டம் போட்டாள்: கோடைக் காய்கறியைக் குளிர்காலத்துக்கு ஜாடியில் போட்டு மூடுகிறோமே, அதில் கடைசி ஜாடி மூடிய மறுநாள் பள்ளி. பள்ளி நடக்கும் நாளில் காலை எட்டரையிலிருந்து மூன்று மணிவரை யாரும் வாசல் தாண்டக்கூடாது. திர்சாள் ஒன்பது வயதில் இதை நல்ல கையெழுத்தில் படியெடுத்து, "ஆசிரியை உட்பட" என்று தன் பங்குக்கு இரண்டு சொல் சேர்த்து, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். லவோன் சிரித்துக்கொண்டே கீழே கையெழுத்துப் போட்டாள். சிரித்தது தப்பு.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆகஸ்ட் முடியுமுன்பே பீன்ஸ் கொடி காய்ந்தது, சோளம் ஒரே வாரத்தில் முற்றியது, தக்காளி கடைசிக் கூடைக்கு வந்துவிட்டது. செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, மாவட்டக் கண்காட்சியில் பெண்களுக்கான வாணலி வீச்சு. அதற்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. இரும்பு வாணலியைக் கைப்பிடியில் பிடித்து, யார் அதிக தூரம் வீசுகிறார்கள் என்று பார்க்கிற போட்டி அது. ஐந்து வருஷமாக ஜெயித்து வருகிறவள் டெல்மரின் தங்கை ஆர்டித். போன வருஷம் லவோன் நாலு விரற்கடையில் தோற்றாள். தோற்றது கூடப் பரவாயில்லை. ஆர்டித் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர் கேட்கச் சொன்னாள்: "என்ன அண்ணி, பத்துப் பிள்ளை தூக்கின கைக்கு இவ்வளவுதான் பலமா?"

அந்தச் சொல் லவோனுக்கு ஒரு வருஷமாகச் செரிக்கவில்லை. இந்த முறை ஜெயித்தே ஆகவேண்டும். கைப்பிடியில் விரிசல் விட்ட பழைய வாணலி ஒன்றை எடுத்துக்கொண்டு தினமும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் வீசிப் பழகினாள்.

பள்ளி தொடங்கிவிட்டால் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவள் சாப்பாட்டு மேசையில் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். லீவு விட்டால் என்ன என்றால், அதற்கும் வழியில்லை. ஆர்டித்தின் பிள்ளைகள் போகிற சர்க்கார் பள்ளி கண்காட்சிக்கு லீவு விட்டபோது, "எங்க பள்ளிக்கூடத்துல வேடிக்கை பார்க்கவெல்லாம் லீவு கிடையாது" என்று அதே ஆர்டித்திடம் சொல்லிவைத்தவள் இவளேதான்.

ஆகவே முதலில் வேலையை இழுத்துப் பார்த்தாள். தக்காளியை வெந்நீரில் போட்டெடுத்து ஒரே உருவலில் உரிக்கிறவள், நகத்தால் கிள்ளிக் கிள்ளி உரித்தாள். பீன்ஸை உடைக்கும்போது பைபிளில் வருகிற மெத்தூசலாவின் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொன்னாள். திர்சாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இந்த ஒரு கூடைக்கு ரெண்டு நாளா?"

"அவசரப்பட்டா ருசி போயிடும்."

"போன வாரம் ஒரு மணி நேரத்துல ரெண்டு கூடை தக்காளி உரிச்சீங்க. அது ருசியில்லாமலா இருக்கு?"

"வாய் பேசாம பீன்ஸைப் பாரு."

புதன்கிழமை ஜெபக்கூட்டம். அவர்கள் சபையில் வாய்விட்டு உதவி கேட்கிற பழக்கம் கிடையாது. ஜெப விண்ணப்பம் சொல்வதுதான் கேட்பது. கால் உடைந்தவன் கால் சுகத்துக்காக ஜெபிக்கச் சொல்லுவான், மறுநாள் அவன் வைக்கோலை நாலு பேர் வந்து கட்டிவிட்டுப் போவார்கள். போதகர் வெண்டல், "வேற யாருக்காவது விண்ணப்பம் உண்டா?" என்று கேட்டதும் லவோன் எழுந்தாள். டெல்மர் வயலில் இருந்தார், அது வசதியாகப் போயிற்று.

"எங்க வீட்டு அலமாரிக்காக ஜெபிச்சுக்கங்க. இந்த வருஷம் தோட்டம் சீக்கிரமே கையை விரிச்சிடுச்சு. நாப்பது ஜாடி காலியா கிடக்கு."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யாராவது இரண்டு கூடை தக்காளி கொண்டுவந்தால் செவ்வாய் தாண்டிவிடும் என்பது அவள் கணக்கு. வண்டியில் திரும்பும்போது திர்சாள் ஆரம்பித்தாள்.

"நாப்பது காலி ஜாடி போன வருஷமும் இருந்துச்சுல்ல அம்மா?"

"இருந்துச்சு."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"திர்சாள், ஜன்னலைச் சாத்து. தூசி வருது."

வியாழக்கிழமை காலை வண்டிகள் வர ஆரம்பித்தன. முதலில் தக்காளி. பிறகு சோளம். பிறகு பீச், மிளகாய், பூசணி, பீட்ரூட். பத்துப் பிள்ளை வீட்டில் அலமாரி காலி என்றால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? வராந்தா நிறைந்தது, கொட்டகை நிறைந்தது, பதினைந்து பேர் உட்காரும் குடும்ப வண்டியின் பின்சீட்டு வரை சீமைச் சுரைக்காய். டெல்மர் மதியம் சாப்பிட வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"லவோன், எனக்கு என்ன வியாதி?"

"ஏங்க, நல்லாத்தானே இருக்கீங்க!"

"வழியில நாலு பேர் வண்டியை நிறுத்தி, தோளைத் தட்டி, 'தைரியமா இரு டெல்மர்'னு சொல்லிட்டுப் போறாங்க. என்னன்னு நீயாவது சொல்லிடு. கேட்டுக்கறேன்."

கடைசியாக வந்தது ஆர்டித். வண்டி நிறைய வெள்ளரிக்காய்.

"அண்ணி, கஷ்டம்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சபையில போய்த்தான் சொல்லணுமா?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு கூடைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஐயோ, செவ்வாய்க்கிழமை உங்களால வரமுடியாதே! நீங்க பக்கத்துல நிக்கலைன்னா வாணலி வீசறதே எனக்கு உப்புச்சப்பில்லாம இருக்கும்."

"வெள்ளரிக்கு ரொம்ப நன்றி ஆர்டித்," என்றாள் லவோன். "பிஞ்சாப் பார்த்துப் பறிச்சிருக்கலாம்."

ஆர்டித் சொன்னது சரிதான். செடியில் இருக்கிற காய் பொறுக்கும், கூடையில் இறங்கின காய் பொறுக்காது என்று ஊருக்கே சொல்லுகிறவள் லவோன். அதுவும் பிறத்தியார் ஜெபித்துக் கொடுத்த காய். அதை அழுகவிட்டு வாணலி வீசப் போனால் அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு சபைக்குப் போவது? திர்சாள் பென்சிலோடு ஒரு சுற்றுப் போய் வந்தாள்.

"முப்பத்தியொரு கூடை. நம்ம வேகத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு. ஞாயித்துக்கிழமை வேலை கிடையாது. புதன்கிழமை முடியும்."

"திங்கள் சாயங்காலம் முடியும்," என்றாள் லவோன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தாள்.

மெத்தூசலா அன்றோடு போனார். தக்காளித் தோல் பறந்தது. சோளக் கதிரைச் சீவிச் சீவி பிள்ளைகளின் தலைமுடியெல்லாம் மாவு. ஐந்து வயது யோதாம் முதல் எல்லாரும் பெரிய அண்டாவைச் சுற்றி நின்றார்கள். வெள்ளிக்கிழமை நாற்பது ஜாடியும் தீர்ந்தது. காய் கொடுத்தவர்கள் வீட்டுக்கே போய்க் காலி ஜாடியும் கடன் கேட்டார்கள். "காயும் நாங்களே, ஜாடியும் நாங்களேவா? வந்து சாப்பிட்டுட்டும் போகணுமா?" என்று போதகரின் மனைவி கேட்டது ஊரெல்லாம் பரவியது. டெல்மர் தன் காப்பிக் கோப்பையைக் கொட்டகையில் ஒளித்துவைத்தார். விட்டால் அதிலும் ஊறுகாய் போட்டு மூடியிருப்பார்கள்.

திங்கள் சாயங்காலம் கடைசி ஜாடி, ஆர்டித்தின் வெள்ளரி ஊறுகாய், அடுப்பிலிருந்து இறங்கியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூடி 'டக்'கென்று உள்வாங்கியது; ஜாடி கெடாமல் இறுகிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் கைதட்டினார்கள். லவோனும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் குளிர்பெட்டிக் கதவுக்குப் போயிற்று, கை அந்தரத்தில் நின்றது.

டெல்மர் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் சொல்லி முடித்து, ரொட்டியை எடுத்தார். "ஆக, கடைசி ஜாடி மூடியாச்சு. நாளைக்கு எட்டரைக்குப் பள்ளி. சட்டம்னா சட்டம்."

பிள்ளைகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். யோதாம்தான் கேட்டான். "அப்ப அம்மா வாணலி வீச முடியாதா?"

"எந்த வாணலி?"

"கோழிக்கூட்டுக்குப் பின்னாடி தினம் டங்கு டங்குன்னு வீசுவாங்களே, அது."

டெல்மர் ரொட்டியைக் கீழே வைத்தார். "அதான் ரெண்டு வாரமா ஒரு கோழியும் முட்டை விடலையா! நான் நரியைத் தேடிக்கிட்டு அலையறேன்."

இனி மறைத்து என்ன பிரயோஜனம்? லவோன் எல்லாவற்றையும் சொன்னாள், நகத்தால் உரித்த தக்காளி முதல் ஜெபக்கூட்டம் வரை. டெல்மர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்போ சபையே கண்ணை மூடி ஜெபம் பண்ணினது உன் வாணலிக்கா?"

"நான் அலமாரிக்குத்தான் கேட்டேன். வாணலியை மனசுக்குள்ள வெச்சிருந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சட்டம் நீ போட்டது. நாளைக்கு ஒரு நாள் நீயே எடுத்துடேன். யார் கேக்கப்போறாங்க?"

"இதோ எட்டுப் பேர் கேப்பாங்க. நான் வாணலிக்கு எடுத்தா, இதுங்க மீன் பிடிக்க எடுக்கும், குதிரை பார்க்க எடுக்கும். அப்புறம் கிறிஸ்துமஸுக்குத்தான் பள்ளி." அவள் தட்டைத் தள்ளினாள். "நான் போகலை. விடுங்க." சொல்லிவிட்டு வலது கையை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டாள். ஒரு வருஷமாக வளர்த்த கை அது.

அப்போது திர்சாள் உத்தரவு கேட்காமல் மேசையைவிட்டு எழுந்தாள். அந்த வீட்டில் அப்படி ஒருவரும் எழுந்ததில்லை. பின்கதவு அறைந்து சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் வாளியும் கையுமாக வந்தாள்; அதை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் தொம்மென்று வைத்தாள். வாளி நிறையப் பச்சைப் பேரிக்காய். வேலியோரத்து மரத்துக் காய். பன்றியைத் தவிர யாரும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

"கடைசி ஜாடி இன்னும் மூடலை," என்றாள்.

"இதையா? இதை எப்போடி ஜாடியில போட்டோம்?" என்றார் டெல்மர்.

"போட்டதில்லை. போடக்கூடாதுன்னு சட்டத்துல இல்லை. நான்தானே எழுதினேன்."

"சரி, போடு. இப்பவே போட்டு முடி."

"முடியாது அப்பா. பேரிக்காயைக் காயாத்தான் பறிக்கணும், வைக்கோல்ல வெச்சுத்தான் பழுக்கணும். அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ணமுடியாது. வீட்டுல உக்கார்ந்து அதுக்குக் காவலும் இருக்கவேண்டாம்."

டெல்மர் ஒரு காயை எடுத்துக் கடித்தார். பல் இறங்கவில்லை. திருப்பி, வேறு பக்கத்தில் கடித்தார். தாடையைத் தடவிக்கொண்டார்.

"எத்தனை நாள் ஆகும்?"

"பத்து நாள்," என்றாள் திர்சாள். "வெயில் இப்படியே இருந்தா."

லவோன் மகளையே பார்த்தாள். திர்சாள் அம்மாவைப் பார்க்கவில்லை. குனிந்து பேரிக்காய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு ஹாஸ்கெட் குடும்பம் மொத்தமும் கண்காட்சி வேலியில் ஏறி நின்றது. ஆளுக்கு மூன்று வீச்சு. லவோனின் முதல் வீச்சு கோணலாகப் போய் எலுமிச்சைச் சாறு விற்கிற மேசையைக் கவிழ்த்தது. இரண்டாவது ஆர்டித்தின் குறிக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்தது. மூன்றாவதற்கு அவள் பாவாடையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி விட்டாள் பாருங்கள், வாணலி விசிலடித்துக்கொண்டு போயிற்று. நடுவர் அளக்கும் நாடாவின் ஒரு முனையைத் திர்சாளிடம் கொடுத்தார். பெற்ற தாய்க்காகக்கூட மயிரிழை கூட்டிப் பிடிக்கமாட்டாள் என்று அந்த ஊருக்கே தெரியும். அவள் குனிந்து, புழுதியை ஊதி, இரண்டு தரம் அளந்தாள்.

"ஒரு சாண் கூட. அம்மாவுது."

வேலியிலிருந்து ஏழு தொண்டையும் ஒன்றாகக் கிளம்பின, டெல்மரின் தொண்டை தனியாகக் கேட்டது. ஆர்டித் வந்து கையைக் கொடுத்தாள். கொடுத்த கையை விடாமல், பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை ஆச்சே அண்ணி. முப்பது கூடையும் முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. உங்க பள்ளிக்கூடம் இன்னும் தொடங்கலையா?"

"எங்க தொடங்கறது ஆர்டித்," என்றாள் லவோன், வாணலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "பேரிக்காய் பழுக்கவே மாட்டேங்குது."