கம்பளி இழை

வேலை தேடி வேலூரிலிருந்து வந்த என் மனைவியின் தங்கை செல்வி, பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். என் லேப்டாப்பில்தான் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்புவாள். அது திடீர் திடீரென்று தானாக அணைய ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பாதி எழுதியிருந்த ரிப்போர்ட் அப்படித்தான் போயிற்று. கோபம் தலைக்கேறியது. வந்திருந்த விருந்தாளிகள் முன்னாலேயே, "தெரியாத பொருள்ல ஏன்மா கை வைக்கிற? என்னத்தையோ நோண்டி வெச்சிருக்க!" என்று கத்தினேன்.

"மெயில் மட்டும்தான் பார்த்தேன், மாமா" என்றாள். பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. மழையிலும் பிரவுசிங் சென்டருக்கு நடந்தாள்.

அப்போதும் அது அணைந்தது. அடிப்பாகம் கொதித்தது. திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே காற்றாடி சுற்ற முடியாதபடி சிவப்புக் கம்பளி இழை அடைத்துக் கிடந்தது. பெங்களூர்க் குளிருக்கு நான் தினமும் மடியில் போர்த்திக்கொண்டு, மேலே லேப்டாப்பை வைத்து வேலை பார்த்த கம்பளிதான்.

சுத்தம் செய்து செல்வியிடம் நீட்டினேன். "தப்பு என்னோடதும்மா. இனிமே இதுலயே பாரு."

"சரியாயிடுச்சா மாமா? நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள். ஆனால் வாங்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாலு பேர் முன்னால் கத்திய நான், மன்னிப்பை மட்டும் யாருமில்லாத நேரத்தில் கேட்டிருக்கிறேன் என்பது அவள் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.